பெங்களூரிலிருந்து ஹைதராபாத் தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு காரில்: முதல்முறை போகிறவர்களுக்கு

பெங்களூர்த் தமிழர்களுக்கு நீண்ட கார்ப் பயணம் என்றாலே தெற்குதான். பொங்கல், குலதெய்வக் கோயில், மச்சினன் கல்யாணம், எதுவானாலும் வண்டி ஓசூர் பக்கம்தான் திரும்பும். கிருஷ்ணகிரியில் எங்கே டீ நன்றாக இருக்கும், தொப்பூர் கணவாயில் எந்த வளைவில் நிதானிக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். மதுரை வரை நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில், ஹெப்பாளைத் தாண்டி வடக்கே போனால் சுமார் 570 கி.மீ. தொலைவில் ஹைதராபாத். அங்கே ராமோஜி ஃபிலிம் சிட்டியும் இருக்கிறது, ஒரு வொண்டர்லா தீம் பார்க்கும் இருக்கிறது.

வொண்டர்லா நம் பிடதியிலேயே 2005-லிருந்து இருக்கிறதே, அதற்கு ஏன் அவ்வளவு தூரம் என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் ரைடுகள் மட்டும் போதும் என்றால் மைசூர் ரோட்டில் ஒரு நாள் போய்விட்டு வந்துவிடுங்கள், பணம் மிச்சம். ஹைதராபாத் போவதற்கான காரணம் ராமோஜிதான். 1996-ல் தொடங்கிய இந்தத் திரைப்பட நகரம், உலகின் மிகப் பெரிய ஸ்டூடியோ வளாகம் என்று கின்னஸில் இடம்பெற்றது. பாட்டிக்கும் பத்து வயதுப் பேரனுக்கும் ஒரே நாளில் பொழுது போகிற இடம். வொண்டர்லா அங்கே கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

திட்டம் போட உட்காரும்போது ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நாள் கணக்கை வண்டி ஓட்டுகிறவரின் தெம்பை வைத்துப் போடக்கூடாது. வண்டியில் இருக்கும் மிகச் சின்னவரையும் மிக மூத்தவரையும் வைத்துப் போட வேண்டும். "நான் ஒரே மூச்சில் ஒன்பது மணி நேரத்தில் போய்விடுவேன்" என்று சொல்லும் மாமாவை மரியாதையாகப் பேசவிட்டு, திட்டத்தை நீங்கள் போடுங்கள்.

நாள் குறிப்பது

ஏப்ரல், மே வேண்டாம். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பது தெரியும். ஆனால் வழியில் இருப்பது அனந்தபூர், கர்னூல். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ராமோஜியில் பெரும்பகுதி திறந்தவெளி. மதியம் இரண்டு மணிக்குப் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது உற்சாகம் எல்லாம் வடிந்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மிக நல்லது. மழைக்காலத்தை நினைத்தும் அதிகம் பயப்பட வேண்டாம். அனந்தபூர் நாட்டிலேயே மழை குறைந்த மாவட்டங்களில் ஒன்று.

சங்கராந்தியை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாம் பொங்கலுக்கு ஓசூர் ரோட்டில் நிற்பதுபோல, ஹைதராபாத்வாசிகள் சொந்த ஊருக்குப் போக விஜயவாடா சாலையில் நிற்பார்கள். ராமோஜி இருப்பது அந்த விஜயவாடா சாலையில்தான். பண்டிகைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் தலை காட்டாமல் இருப்பது நல்லது.

எத்தனை நாள்?

குறைந்தது நான்கு, முடிந்தால் ஐந்து. வண்டி ஓட்டும் நாளையும் பார்க் நாளையும் ஒட்டவே கூடாது. காலை நான்கு மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் பார்க் வாசலில் இறங்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். டிக்கெட் முழு நாளுக்கும் சேர்த்துத்தான்; அரை நாள் போய்விட்டிருக்கும், பிள்ளைகள் முதல் வரிசையிலேயே தூங்கி விழுவார்கள்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் மாற்றி மாற்றி ஓட்ட இரண்டு பேரும் இருந்தால் முதல் நாளே ஹைதராபாத் போய்ச் சேரலாம். நிறுத்தங்களோடு பத்து மணி நேரம் வையுங்கள். கைக்குழந்தையோ முட்டி வலிக்கிற பெரியவரோ இருந்தால், அல்லது ஓட்டுவது ஒருவர்தான் என்றால், முதல் இரவு கர்னூலில் தங்குங்கள். பெங்களூரிலிருந்து சுமார் 360 கி.மீ., அங்கிருந்து ஹைதராபாத்துக்கு 210 கி.மீ. மறுநாள் காலை நிதானமாகக் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். கர்னூலைச் சும்மா தூங்குகிற ஊர் என்று நினைக்க வேண்டாம். 1953-ல் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்த ஆந்திர மாநிலத்துக்கு முதல் தலைநகர் இதுதான். ஊர் நடுவில் நிற்கும் கொண்டா ரெட்டி புருஜு என்ற பழைய கோட்டைக் கொத்தளத்தை மாலையில் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு விஷயம். ஹைதராபாத் நகருக்குள் ரூம் போடாதீர்கள். பெங்களூர் நெடுஞ்சாலை ஷம்ஷாபாத்தில் அவுட்டர் ரிங் ரோட்டைத் தொடுகிறது. நகரைச் சுற்றிவரும் 158 கி.மீ. எட்டு வழிச் சாலை அது. அதில் கிழக்கே திரும்பினால் 13-ஆம் எண் வெளிவழியில் ராவிர்யால், அங்கே வொண்டர்லா. இன்னும் போனால் 11-ஆம் எண் வெளிவழியில் பெத்த அம்பர்பேட், அங்கே இறங்கி விஜயவாடா சாலையில் கொஞ்ச தூரத்தில் ராமோஜி. ஆக இரண்டு பார்க்கும் ஒரே சாலையில். ஊர் நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். ஷம்ஷாபாத் பக்கமோ ஹயத்நகர் பக்கமோ தங்கினால் போதும். ராமோஜிக்கு உள்ளேயே சிதாரா, தாரா, சாந்திநிகேதன் என்று விலை வாரியாக ஓட்டல்கள் இருக்கின்றன. வயதானவர்கள் உடன் இருந்தால், நடுவில் அறைக்குப் போய்க் காலை நீட்டிவிட்டு வர முடிகிறதா என்று கேட்டுக்கொண்டு அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

வண்டியைத் தயார் செய்வது

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சர்வீஸ் முடித்துவிடுங்கள். முந்தின நாள் சர்வீஸ் விட்டு எடுத்த வண்டியில் ஏதாவது இறுக்காமல் விட்டிருந்தால் அது தெரிவது கர்நாடக எல்லையில் இருக்கும் பாகேபள்ளி தாண்டித்தான். டயர்தான் முக்கியம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் ஆன டயரை, மேலே பட்டன் தேயாமல் இருந்தாலும், கடைக்காரரிடம் காட்டிவிட்டுப் போங்கள். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். முழு ஆளும் சாமானும் ஏற்றினால் தனி அளவு. டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். ஸ்டெப்னியை எல்லோரும் மறப்பார்கள், அதிலும் பாருங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் பெட்டிகளுக்கு அடியில் புதைந்துபோகாமல் வையுங்கள்.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். சொந்த வண்டிக்கு ஆந்திரா, தெலங்கானாவில் பெர்மிட் தேவையில்லை. வாடகை வண்டி என்றால் மூன்று மாநில பெர்மிட், வரி யார் பொறுப்பு என்பதை முன்பணம் கொடுக்கும் முன்னால் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டோல், பெட்ரோல்

ஹெப்பாளுக்கு அப்பால் சாதஹள்ளியில் தொடங்கி ஷம்ஷாபாத் வரை ஏழெட்டு சுங்கச்சாவடிகள். ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா, கே.ஒய்.சி. முடிந்திருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, டேக் இல்லாமலோ வேலை செய்யாமலோ போனால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யூபிஐ-யில் ஒன்றேகால் மடங்கு. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ், ஒரு வருடம் அல்லது 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்கும் வரை செல்லும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மதுரைப் பக்கம் போய் வருகிறவர்கள் இந்தப் பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பாஸ்தான் லாபம். ஹைதராபாத் அவுட்டர் ரிங் ரோட்டுக்கு அது செல்லாது. அங்கே டேகில் இருக்கும் பணம்தான் போகும். அதனால் பாஸ் இருந்தாலும் டேகைக் காலியாக விடாதீர்கள்.

பெட்ரோல் விலை கர்நாடகத்தைவிட ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அதிகம். சிக்கபள்ளாப்பூரிலோ பாகேபள்ளியிலோ டாங்கை நிரப்பிவிடுங்கள். போக வர, ஊருக்குள் சுற்ற எல்லாம் சேர்த்து 1,250 கி.மீ. என்று வையுங்கள், லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 83, 84 லிட்டர் ஆகும். திரும்பும்போது பாகேபள்ளி வரை வர மட்டும் போதுமான அளவு போட்டுக்கொள்ளலாம். அதற்காக ரிசர்வ் விளக்கு எரியும்வரை கணக்குப் பார்க்காதீர்கள், மிச்சமாவது இரண்டு நல்ல காபிச் செலவுதான்.

கிளம்பும் காலை

ஐந்து மணிக்கு முன்னால் ஹெப்பாளைத் தாண்டிவிட வேண்டும். ஏர்போர்ட் ரோடு எந்த நேரமும் விழித்திருக்கும் சாலை என்றாலும் அந்த நேரத்தில் ஓடும். ஒயிட்ஃபீல்டு பக்கம் இருப்பவர்கள் ஹெப்பாளுக்கு வரவே வேண்டாம்; ஹொஸ்கோட்டே போய் அங்கிருந்து தேவனஹள்ளிக்குப் போகும் புதிய சாலையைப் பிடிக்கலாம். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் நகரைக் குறுக்கே கடக்க வேண்டியிருப்பதால் இன்னும் முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

நள்ளிரவில் கிளம்பி, பிள்ளைகள் தூங்கும்போதே ஓட்டிவிடலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், அதிகாலையில் குறுக்கே போகும் ஆட்டு மந்தை எல்லாம் இந்தச் சாலையில் சகஜம். 2025 அக்டோபர் 24 அதிகாலையில் கர்னூலுக்கு அருகே சின்ன டேகூரில் பெங்களூர் வந்துகொண்டிருந்த சொகுசுப் பேருந்து தீப்பிடித்ததே, அது சாலையில் விழுந்து கிடந்த ஒரு பைக்கின்மேல் ஏறியதில் தொடங்கியது.

பகலிலும் இந்தச் சாலைக்கு ஒரு குணம் உண்டு. தொப்பூர்போல மலை வளைவு கிடையாது. நேராக, அகலமாக, சில இடங்களில் ஆளே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். வளைவில் வராத தூக்கம் இங்கே வந்துவிடும், அதிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். ஆகவே ஓட்டுகிறவருக்கு மதியம் அரை வயிறு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடை, முடிந்தால் ஆள் மாற்றம். கொட்டாவி வந்தால் பாட்டைச் சத்தமாக வைப்பதில் பயனில்லை. பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். வேகம் நூறைத் தாண்ட வேண்டாம். கேமரா பிடித்தால் அபராதம் போனுக்கு வந்துவிடும், வீட்டுக்காரம்மாவின் போனில் வண்டி பதிவாகியிருந்தால் அது தனிக் கதை.

குழந்தைகளுக்குப் பெல்ட் கட்டாயம். பதினான்கு வயதுக்குக் கீழ் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதம், அபராதத்துக்காகச் சொல்லவில்லை. முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தாத்தா பாட்டியிடம் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். சாலையில் பேசினால் சண்டையாகும். வண்டி நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மற்ற அவசரத்துக்கு 112.

எங்கே நிறுத்துவது

தெற்கே பத்து நிமிடத்துக்கு ஒரு சைவ ஓட்டல் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். அனந்தபூருக்கும் கர்னூலுக்கும் இடையில் நல்ல கழிப்பறையோடு நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்கள் தள்ளித் தள்ளியே இருக்கும். அதனால் கட்டுச்சோறு கட்டுங்கள். புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, மதியத்துக்குள் தீர்த்துவிடும்படி தயிர்சாதம். எண்ணெயில் பொரித்தது வேண்டாம்; பின் சீட்டில் வாந்தி வர அதுவே போதும். வாந்தி வருகிற பிள்ளையைப் போன் பார்க்கவிடாமல் முன்னால் சாலையைப் பார்க்கும்படி உட்காரவையுங்கள், பிளாஸ்டிக் பைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், மாத்திரை கொடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். ஒரே ஒரு வேளையாவது ஓட்டலில் ராயலசீமைச் சாப்பாடு சாப்பிடலாம்: காலையில் பொரியை நனைத்துத் தாளித்த உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும், மதியம் ராகி சங்கட்டி என்ற கேழ்வரகுக் களி. பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துத் தரச் சொன்னால் சிரிப்பார்கள், குறைக்க மாட்டார்கள்.

முதல் நிறுத்தத்துக்கு லேபாக்ஷியைவிட நல்ல இடம் இல்லை. ஆந்திர எல்லை தாண்டி கொடிகொண்டா சோதனைச் சாவடியில் இடப்பக்கம் திரும்பினால் சுமார் 15 கி.மீ. விஜயநகரக் காலத்து வீரபத்திரர் கோயில், தரையைச் சரியாகத் தொடாமல் நிற்கும் தூண், ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி. தூணுக்கு அடியில் துண்டை விட்டு இழுத்துப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கர்னூலில் தங்குகிற திட்டமாக இருந்தால் மட்டும் போங்கள். அன்றே ஹைதராபாத் என்றால் விட்டுவிடுங்கள், மனசு வராது, ஆனாலும் விட்டுவிடுங்கள்.

கர்னூல் தாண்டித் துங்கபத்திரையைக் கடந்தால் தெலங்கானா. அங்கே ஆலம்பூரில் சாளுக்கியர் கட்டிய நவபிரம்மா கோயில்களும் பதினெட்டு சக்தி பீடங்களில் ஒன்றான ஜோகுலாம்பா சந்நிதியும் இருக்கின்றன. பாட்டிக்கு இந்தப் பயணத்தில் ஒரு கோயிலாவது வேண்டும் என்றால் இரண்டாம் நாள் காலை இதுதான் வசதி.

வண்டிக்குள் பொழுது போக நம்பர் பிளேட் விளையாட்டு இந்தச் சாலைக்கென்றே அமைந்தது. கர்நாடகாவின் கேஏ, ஆந்திராவின் ஏபி, தெலங்கானாவின் பழைய டிஎஸ், 2024-லிருந்து வந்த டிஜி. டிஎன் பார்த்தால் இரட்டைப் புள்ளி. பெனுகொண்டா அருகே சாலையை ஒட்டியே கியா கார்த் தொழிற்சாலை வரும்; கார்ப் பைத்தியம் பிடித்த பையன் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அதுவரை அமைதியாக வருவான்.

பார்க் நாள்

ராமோஜிக்கு டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு வாசலில் இருங்கள். உங்கள் வண்டி வெளியே நின்றுவிடும், உள்ளே அவர்களுடைய பேருந்தில்தான் போக வேண்டும். அதனால் தொப்பி, மருந்து, குழந்தையின் மாற்று உடை எல்லாம் இறங்கும்போதே கையில் இருக்கட்டும். மறந்ததை எடுக்கத் திரும்பினால் அரை மணி நேரம் போய்விடும். வெளிச் சாப்பாடு விட மாட்டார்கள், காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இறங்கியதும் அன்றைய நிகழ்ச்சி நேரங்களைப் பாருங்கள். வைல்டு வெஸ்ட் சண்டைக் காட்சி போன்றவை குறிப்பிட்ட நேரத்தில்தான் நடக்கும். அந்த நேரங்களைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அரங்குகளைச் சுற்றிக் காட்டும் பயணத்தை வெயில் ஏறிய நேரத்துக்கு வைத்துக்கொண்டால் பெரியவர்கள் பிழைப்பார்கள். பாகுபலி அரங்கில் போட்டோ எடுக்கக் கூட்டம் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டுப் பகுதி உண்டு. அங்கே ஒரு பெரியவரை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் கலைந்து போகலாம். எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவது என்று சொல்லிவிட்டுக் கலையுங்கள். சின்னவர்களின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

வொண்டர்லாவில் கதை வேறு. குழந்தை டிக்கெட் வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து. பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. வேண்டும். வீட்டுச் சுவரில் அளந்துவிட்டுப் போனால், வாசலில் அழுகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் வேலை மிச்சம். தண்ணீர்ப் பகுதியில் பருத்தி உடை, சேலை, சுடிதாருக்கு அனுமதி இல்லை. நைலான் மாதிரியான நீச்சல் உடை எல்லோருக்கும் எடுத்து வையுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. அங்கே போய் வாங்கினால் விலை அதிகம். வார நாளில் டிக்கெட்டும் குறைவு, வரிசையும் குறைவு. ரைடில் ஏறாத பெரியவர்களுக்கு அங்கே ஒரு முழு நாள் உட்கார்வது கொடுமை. அவர்களை அறையிலேயே விட்டுவிட்டு இளசுகள் மட்டும் போவதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

நாள் இருந்தால் இரண்டு பார்க்குக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். அந்த நாளில் சார்மினாரோ சாலார்ஜங் அருங்காட்சியகமோ போகலாம். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

திரும்புவது

ஞாயிறு மாலை பெங்களூருக்குள் நுழைவதுபோல ஒரு திட்டம் போடாதீர்கள். தேவனஹள்ளியிலிருந்து ஹெப்பாள் வரை ஊரே சேர்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை வந்து சேர்ந்து ஞாயிற்றுக்கிழமையைத் துணி துவைக்க விட்டுவிடலாம். அது முடியாவிட்டால் ஞாயிறு காலை ஐந்துக்கு ஹைதராபாத்தைவிட்டுக் கிளம்பி, மூன்று மணிக்குள் சாதஹள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டப் பாருங்கள். திரும்பும் வழியில் கோயில், குகை என்று எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம். ஈரமான நீச்சல் உடைகளைத் தனிப் பையில் போடுங்கள், மூடிய காரில் பத்து மணி நேரம் அந்த வாடை தாங்காது.